கார் ஸ்டார்ட் ஆகாதபோது: குறையைக் கண்டறிந்து சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சாவியைத் திருப்பியும் இன்ஜின் ஓடத் தொடங்காவிட்டால் பெரும்பாலானோர் உடனே சொல்வது, "பேட்டரி போய்விட்டது" என்பதுதான். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியால் மின்சாரம் தடைபட்ட காரிலும், டைனமோ சார்ஜ் ஏற்றாத காரிலும், இன்ஜினைச் சுற்றித் தொடக்கிவைக்கும் செல்ஃப் மோட்டார் தேய்ந்துபோன காரிலும்கூட முதலில் மாற்றப்படுவது பேட்டரியாகவே இருக்கிறது. பணம் செலவான பிறகும் குறை அப்படியே நிற்கும், அல்லது சில நாள்களில் திரும்பி வரும். எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் கார் எழுப்பும் ஒலியைக் கேட்க வேண்டும், அதன்பின் அளந்து பார்க்க வேண்டும், அளவு சொல்வதைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதே வரிசையில் செல்கிறது. இதில் சொல்லப்படுபவை பெட்ரோல், டீசல் கார்களுக்கு உரியவை. ஹைபிரிட், மின்சாரக் கார்களின் உயர் அழுத்த மின்னமைப்பை உரிமையாளர் தொடவே கூடாது என்பதால் அவை இதில் சேரவில்லை.

சாவியைத் திருப்புவதற்கு முன்

கார் சாலையில் நின்றுவிட்டிருந்தால் அபாய விளக்குகளைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, உடன் வந்தவர்களைப் போக்குவரத்திலிருந்து விலகி நிற்கச் சொல்லுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கார் மழைநீரில் மூழ்கி நின்றிருந்தாலோ, தேங்கிய நீரைக் கடக்கும்போது அணைந்துபோயிருந்தாலோ, சாவியைத் திருப்பிப் பார்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன நீர் சிலிண்டரில் நின்றால், காற்றைப் போல அது அழுந்தாது. மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றி மீட்டிருக்கக் கூடிய இன்ஜின், "ஒரே ஒரு முறை பார்க்கலாம்" என்று செல்ஃப் அடித்ததால் முழுவதுமாகப் பிரித்து வேலை செய்ய வேண்டிய நிலைக்குப் போய்விடும். இப்படிப்பட்ட காரை இழுத்துச் செல்லும் வண்டியில் ஏற்றி அனுப்புவதே சரி.

அந்த நிலை இல்லையென்றால், எளிதில் மறந்துபோகும் சிலவற்றைச் சரிபாருங்கள். ஆட்டோமேட்டிக் காரில் லீவர் பார்க் அல்லது நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். பார்க்கில் வைத்தும் வேலை செய்யாமல் நியூட்ரலில் வேலை செய்தால், குறை லீவரோடு இணைந்த சுவிட்சில் இருக்கிறது என்று பொருள். மேனுவல் கார்கள் பலவற்றில் கிளட்சை முழுவதுமாக மிதிக்க வேண்டும்; மிதியடி விரிப்பு நழுவி பெடலின் கீழே சிக்கியிருந்தாலே கார் மறுத்துவிடும். சாவியே திரும்பவில்லையென்றால் அது ஸ்டீயரிங் பூட்டு: ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெல்ல அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் விடுபடும்.

ஒலியைக் கேளுங்கள்

ஏசி, பாட்டு, விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பி இரண்டு மூன்று விநாடிகள் பிடியுங்கள். டாஷ்போர்டு விளக்குகள் என்ன செய்கின்றன என்பதையும் கூடவே கவனியுங்கள். "டக் டக் டக்" என்று வேகமாகத் தொடர்ந்து அடித்து விளக்குகளும் மங்கினால், மின்சாரம் போதவில்லை. ஒரே ஒரு "டக்" ஒலியோடு நின்று, விளக்குகள் மங்காமல் இருந்தால், சந்தேகம் செல்ஃப் மோட்டாரின் மேல் போக வேண்டும். செல்ஃப் இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றினால் அது பேட்டரியின் பலவீனம் அல்லது கேபிளின் தடை. செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் பேட்டரியை மறந்துவிட்டு எரிபொருளையும் பற்றவைப்பையும் பார்க்க வேண்டும். விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை என்றால் டெர்மினல் கழன்றிருக்கலாம், முக்கிய ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது பேட்டரி முழுவதுமாக இறங்கியிருக்கலாம்.

அந்த "டக் டக்" ஒலி ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும். செல்ஃப் மோட்டாரின் மேலிருக்கும் சோலனாய்டை, அதாவது மின்காந்த சுவிட்சை, இழுக்கச் சிறிதளவு மின்சாரமே போதும். அது இழுத்து மோட்டாருக்கான இணைப்பைக் கொடுத்த கணத்தில் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். பலவீனமான பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரியும், சோலனாய்டு பிடியை விடும், சுமை விலகியதும் வோல்டேஜ் மறுபடி ஏறும், சோலனாய்டு மறுபடி இழுக்கும். விளக்குகள் எரிவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது ஏன் தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும்: விளக்குக்குச் சில ஆம்பியர் போதும், இன்ஜினைச் சுற்ற அது போதாது.

டெர்மினல்கள்: முதலில் தொட வேண்டிய இடம்

பானட்டைத் திறந்து, பேட்டரியின் இரண்டு டெர்மினல்களையும் கையால் திருகிப் பாருங்கள். சிறிதளவு அசைந்தாலும் அது தளர்வுதான். உரிய ஸ்பேனரால் இறுக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். வெள்ளை அல்லது நீலப் பச்சை நிறப் பொடி படிந்திருந்தால் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். பேட்டரியில் போதுமான சார்ஜ் இருந்தும் இந்தப் பொடி தடுப்பது, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயின் வாய் அடைத்துக்கொண்டிருப்பதைப் போன்றது.

சுத்தம் செய்யும் முறையில் வரிசை முக்கியம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு, சாவியை வெளியே எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். அதன் பிறகே பாசிட்டிவ். காரின் உலோக உடல் முழுவதும் நெகட்டிவ்வோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவ்வை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி உடலில் பட்டால் நேரடி ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பொடியின் மேல் தடவினால் நுரைத்து அமிலம் முறியும். மூடிகள் உள்ள பேட்டரியில் அவை இறுக மூடியிருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள், ஏனெனில் சோடா உள்ளே போனால் பேட்டரி கெடும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, முனையும் கவ்வியும் பளிச்சென்று உலோக நிறம் தெரியும்வரை கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே மெல்லிய பூச்சாக வாசலின் தடவினால் பொடி மீண்டும் பூப்பது தாமதமாகும். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் ஆடியோ அமைப்பு ரகசியக் குறியீட்டைக் கேட்கும் என்பதால் அது கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், தேவையில்லாமல் வாங்கும் ஒரு பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவ்விலும் கறுப்பு முனையை நெகட்டிவ்விலும் வையுங்கள். ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் பொய்யான உயரத்தைக் காட்டும். சில மணி நேரம் ஓய்ந்த பிறகு அளக்க வேண்டும். அவசரமென்றால் முகப்பு விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சற்றுக் கழித்து அளக்கலாம்.

சாதாரண ஈய அமில பேட்டரியில் ஆறு செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு சார்ஜ் மட்டுமே உள்ளது என்று கொள்ளலாம். 11.8க்குக் கீழே போனால் பேட்டரி இறங்கிவிட்டது. இந்த எண்கள் சார்ஜின் அளவைத்தான் சொல்கின்றன, பேட்டரியின் வலிமையை அல்ல. 12.6 காட்டும் பழைய பேட்டரியும் சுமை வந்ததும் சரியக்கூடும். எனவே இரண்டாவது சோதனை தேவை: ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது மற்றொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது வோல்டேஜ் ஏறத்தாழ 9.6க்குக் கீழே இறங்கினால், முழு சார்ஜ் இருந்தும் இறங்கினால், பேட்டரியின் காலம் முடிந்துவிட்டது. பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும் பொருள் அது. வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும், குளிர் அது கொடுக்கும் ஆற்றலைக் குறைக்கும்.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றும்போதும் பேட்டரி முனைகளில் 11 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இன்ஜினையும் காரின் உடலையும் பேட்டரியோடு இணைக்கும் எர்த் கேபிள் அரித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. பணிமனைகளில்கூட அடிக்கடி தவறவிடப்படும் குறை இது.

ஜம்பர் கேபிளால் ஸ்டார்ட் செய்வது

பேட்டரி இறங்கியிருப்பது உறுதியானால் மற்றொரு காரின் உதவியை நாடலாம். இரண்டும் 12 வோல்ட் அமைப்பாக இருக்க வேண்டும். உதவிக்கு வருவது ஹைபிரிட் அல்லது மின்சாரக் காராக இருந்தால், அதன் கையேடு அனுமதித்தால் மட்டுமே பயன்படுத்துங்கள். இறங்கிய பேட்டரி உப்பியோ, விரிசல்விட்டோ, அமிலம் கசிந்தோ, கடுங்குளிரில் உறைந்தோ இருந்தால் இந்த முறையைக் கைவிடுங்கள், அது வெடிக்கக்கூடும். பேட்டரி டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ உள்ள கார்களில், பானட்டுக்குள் இதற்கென்றே தனி முனைகள் கொடுத்திருப்பார்கள்.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டின் இன்ஜினும் அணைந்திருக்கட்டும். கேபிளின் நிறத்தை மட்டும் நம்பாமல், பேட்டரியின் மேல் அச்சாகியிருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளை இரண்டு முறை பாருங்கள், ஏனெனில் மாற்றி இணைத்தால் டைனமோவின் டையோடுகளும் காரை இயக்கும் கணினிப் பெட்டிகளும் ஒரு நொடியில் கருகிவிடும். முதலில் சிவப்பு கேபிளின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவ்விலும், அடுத்து அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்விலும் மாட்டுங்கள். மூன்றாவதாகக் கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில் மாட்டுங்கள். நான்காவது முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டக் கூடாது. அந்தப் பேட்டரியிலிருந்து தள்ளி, இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி எழுவது இயல்பு; பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு அந்தப் பொறியைச் சந்திக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இப்போது உதவும் காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் காரை முயலுங்கள். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும். இன்ஜின் பிடித்ததும் புளோயரைப் போட்டுவிட்டு, மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கேபிள்களைக் கழற்றுங்கள். கழற்றும்போது கவ்விகள் ஒன்றோடொன்றோ, மின்விசிறியிலோ பெல்ட்டிலோ படக் கூடாது.

கார் ஓடிவிட்டதால் பேட்டரி சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அரை மணி நேர ஓட்டம் முழுவதுமாக இறங்கிய பேட்டரியை நிரப்பாது. சார்ஜரில் பல மணி நேரம் போட்டு நிரப்பினால்தான் அது உண்மையான சார்ஜ். பாதி சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தட்டுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, அதன் கொள்ளளவே சுருங்கிவிடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் கார்களுக்கு மட்டுமே, அதுவும் வேறு வழியில்லாதபோது மட்டுமே. சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி தள்ளச் செய்து, வேகமாக நடக்கும் அளவு வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, இன்ஜின் பிடித்ததும் மறுபடி மிதிக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கடினமாகவும் ஸ்டீயரிங் கனமாகவும் இருக்கும் என்பதால் சரிவான சாலையில் இதைச் செய்ய வேண்டாம்.

ஒரே ஒரு "டக்"

வோல்டேஜும் டெர்மினல்களும் சரியாக இருந்தும் ஒரே ஒலியோடு நிற்கும் காரில், செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்களோ சோலனாய்டின் தொடுமுனைகளோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கை எட்டும் இடத்தில் மோட்டார் இருந்தால், மரக் கைப்பிடியால் அதன் உடலை மெல்லத் தட்டியபடி மற்றொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லலாம். ஒட்டிக்கொண்ட பிரஷ் இடம் மாறி ஒரு முறை வேலை செய்யக்கூடும். தட்டும்போது கியர் நியூட்ரலிலும் ஹேண்ட் பிரேக் இழுத்தும் இருக்க வேண்டும். அப்படி ஸ்டார்ட் ஆன காரை இடையில் எங்கும் அணைக்காமல் பணிமனைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

எரிபொருள் இருக்கிறதா என்பதை முள்ளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டேங்கின் மிதவை பழுதாகி முள் ஒரே இடத்தில் நிற்பதுண்டு. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்னிருக்கைப் பக்கத்திலிருந்து எரிபொருள் பம்ப் ஓரிரு விநாடிகள் இரையும் ஒலி கேட்கும். கேட்கவில்லையென்றால் பம்பின் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். சில கார்களில் மோதல் நேர்ந்தால் பம்பைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியிலும் அது துண்டித்திருக்கலாம்.

டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவக் குறி விட்டுவிட்டு மின்னினால், சாவியில் உள்ள சிப்பைத் திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியால் முயலுங்கள். பட்டன் ஸ்டார்ட் கார்களில் ரிமோட்டின் சிறிய பேட்டரி தீர்ந்திருந்தாலும் இதே நிலைதான். பல கார்களில் ரிமோட்டையே பட்டனின் மேல் ஒட்டிப்பிடித்து அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும், மற்றவற்றில் அதற்கென ஓரிடம் இருக்கும்.

பலமுறை முயன்றதால் பெட்ரோல் வாசனை வீசினால், ஸ்பார்க் பிளக்குகள் நனைந்துவிட்டன. சில நிமிடம் காத்திருந்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் அந்த நிலையில் எரிபொருள் நிறுத்தப்பட்டு, காற்று மட்டும் உள்ளே போய் ஈரத்தை உலர்த்தும். டீசல் காரில், சிலிண்டர் சூடேறுவதைக் காட்டும் சுருள் கம்பி வடிவ விளக்கு அணையும்வரை காத்திருந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் முற்றிலும் தீர்ந்துபோயிருந்தால், நிரப்பிய பிறகும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை ஒலியையும் இங்கே சொல்ல வேண்டும். செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றினால், பிஸ்டனையும் வால்வையும் ஒத்திசைவாக ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போதே நிறுத்துங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்த பின் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். ஒவ்வொரு முயற்சியும் சேதத்தைக் கூட்டும்.

இன்று ஓடிய கார் நாளை மறுபடி நின்றால்

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஓய்வு நிலை அளவிலேயே நின்றாலோ, ஓட்டும்போது பேட்டரி விளக்கு எரிந்தாலோ, டைனமோவையும் அதைச் சுற்றும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். 15க்கு மேல் போனால் அளவுக்கு மிஞ்சிய சார்ஜ் பேட்டரியைக் கொதிக்கவைத்துக் கெடுத்துவிடும்.

டைனமோ சரியாக இருந்தும் இரவோடிரவாக பேட்டரி இறங்கினால், கார் அணைந்திருக்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. டிக்கியில் அணையாத 5 வாட் பல்பு ஒரு நாளில் ஏறத்தாழ 10 ஆம்பியர் மணி எடுத்துக்கொள்ளும். 45 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது நான்கைந்து நாள் கணக்குதான். கண்டுபிடிக்க, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். கதவுகளை மூடி, கணினிப் பெட்டிகள் உறங்குவதற்கு ஒரு மணி நேரம் வரை காத்திருங்கள். இடையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அதற்கு வெகுவாக மேலே இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்தச் சுற்றில்தான் குறை இருக்கிறது. பின்னாளில் பொருத்திய ஆடியோ, கேமரா, டிராக்கர் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

பேட்டரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், சிக்னலில் தானாக அணைந்து மீளும் கார்களுக்கு, காரோடு வந்த அதே வகைப் பேட்டரியைத்தான் போட வேண்டும். சாதாரண பேட்டரி அங்கே நெடுநாள் தாங்காது. புதியதின் மேல் அச்சிட்டிருக்கும் உற்பத்தித் தேதியையும் பாருங்கள், கடையில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி பாதி சார்ஜில்தான் உங்கள் கைக்கு வரும்.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் கார் நகரவில்லையென்றால் மெக்கானிக்கை அழைக்கும்போது, "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாமல், என்ன ஒலி வந்தது, விளக்குகள் மங்கினவா, ஓய்வில் எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட், குளிர்ந்த இன்ஜினா சூடான இன்ஜினா, எந்தக் குறி மின்னியது என்பதைச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் மறுத்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் காரில் இன்ஜினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் பழுதாக இருப்பது வழக்கம். அந்த ஒரு தகவல் இருந்தாலே அவர் எதைச் சோதிக்கத் தயாராக வர வேண்டும் என்பது முடிவாகிவிடும்.